‘நல்ல கேன்சர்தானே, இன்னும் ஏன் அழறே?’

கேள்வி: எனக்கு 36 வயது. கரூரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சென்ற ஆண்டு கழுத்தில் கட்டி வந்து, பாப்பிலரி தைராய்டு புற்றுநோய் என்று சொல்லி சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பிறகு அயோடின் மருந்து கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள். இப்போது தினமும் 150 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை. கடைசி ரிப்போர்ட்டில் தைரோகுளோபுலின் 0.1-க்குக் கீழே, டி.எஸ்.எச். 0.04. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ‘எல்லாம் கிளீன்’ என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வந்துவிடுகிறது. கை நடுங்குகிறது. வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். நாள் முழுக்கக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அயோடின் மருந்து சமயத்தில் ஐந்து வயது மகளை மாமியாரிடம் விட்டிருந்தோம். இன்றுவரை அவள் பாட்டியோடுதான் படுக்கிறாள். நாத்தனாருக்கு வரன் பார்ப்பதால் வெளியே மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் கட்டளை. கணவர் நல்லவர். ஆனால், ‘நல்ல கேன்சர்தானே, டாக்டரே ஒன்றுமில்லைன்னுட்டாரே, இன்னும் ஏன் அழறே?’ என்கிறார். சில நாள், நான் எதற்கு இருக்கிறேன் என்றே தோன்றுகிறது. மாத்திரைதான் காரணமோ என்று வாரத்தில் ஓரிரு நாள் போடாமல் விட்டுப் பார்க்கிறேன். எனக்கு என்னதான் ஆயிற்று? மனநல டாக்டரைப் பார்க்க வேண்டுமா? அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவேனா? அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசிப் பகுதியில், போகிற போக்கில் சொல்வதுபோல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ‘நான் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றுகிறது.’ நான் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேரில் வந்திருந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டிருப்பேன்: செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி வராது. கேட்டதும் மனப்பாரம் கொஞ்சம் இறங்குவதைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோம். உங்கள் பதில் ‘ஆமாம்’ என்றால், இந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிப்பதற்கு முன் கணவரிடம் சொல்லுங்கள். இந்த எண்ணம் வரும் நாட்களில் தனியாக இருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. நடுராத்திரி என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போகலாம். நெஞ்சுவலிக்குப் போகக் கூச்சப்படுவோமா? இதற்கும் அப்படித்தான்.

சரி, அடுத்து ‘எனக்கு என்ன ஆயிற்று’ என்ற கேள்வி. இதற்கு உடல் பக்கம் ஒரு பதிலும் மனத்தின் பக்கம் ஒரு பதிலும் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டுமே பொருந்தும் என்று நினைக்கிறேன். தைராய்டு புற்றுநோயில் இது அடிக்கடி நடக்கிற சிக்கல். அறுவை சிகிச்சை டாக்டரிடம் போனால் ‘மனசுதான், தைரியமா இருங்க’ என்பார். மனநலப் பிரிவுக்கு வந்தால் ‘முதலில் தைராய்டைச் சரி செய்துகொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. நடுவில் நிற்பவருக்கு மாதங்கள் ஓடிவிடும். என்னைக் கேட்டால், ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றொன்று என்று காத்திருக்க வேண்டாம். ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் பாருங்கள்.

உடல் பக்கத்தை முதலில் சொல்கிறேன். சுரப்பியை எடுத்த பிறகு கதிரியக்க அயோடின் மருந்துக்கு முன்பு உங்களைச் சில வாரம் மாத்திரை இல்லாமல் வைத்திருந்திருப்பார்கள். வழக்கமாக மூன்று, நான்கு வாரம். டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். அது 30-க்கு மேல் ஏறினால்தான் மிச்சம் இருக்கும் தைராய்டு செல்கள் அயோடினை நன்றாக உறிஞ்சும் என்பதற்காகச் செய்வது. அதைத் தவிர்க்க ஊசி உண்டு, ஆனால் விலை அதிகம் என்பதால் நம் ஊரில் பெரும்பாலானோர் மாத்திரை இல்லாமல்தான் காத்திருக்கிறார்கள். அந்த வாரங்களில் உடம்பு குளிரும், முகம் உப்பும், மலச்சிக்கல் வரும், பேச வந்த பெயர் நாக்கில் நிற்காது, காரணமில்லாமல் அழுகை வரும். பார்ப்பதற்கு மனச்சோர்வு நோய் போலவே இருக்கும். அதற்கப்புறம் 150 மைக்ரோகிராம் மாத்திரையில் ஏற்றிவிட்டார்கள். இப்போது எதிர்ப்பக்கம். டி.எஸ்.எச். 0.04 என்றால் உடம்பில் தைராய்டு ஹார்மோன் தேவைக்கு மேல் இருக்கலாம். படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, எரிச்சல், அரைத்தூக்கத்தில் விழிப்பு எல்லாம் அதோடு வருபவை. பதற்ற நோயின் அறிகுறிப் பட்டியலும் ஏறக்குறைய இதேதான். ஓராண்டுக்குள் ஒரே உடம்பு இரண்டு எதிர்முனைகளுக்கும் போய்வந்திருக்கிறது. அதைத் தாங்கியவரைப் பார்த்து ‘மனசு பலவீனம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

டி.எஸ்.எச்.-ஐ இவ்வளவு கீழே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஹார்மோன் தைராய்டு செல்களை வளரத் தூண்டும் என்பதால், புற்றுநோய் வந்தவர்களுக்கு வேண்டுமென்றே அடக்கி வைப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில், எல்லாக் காலத்துக்கும் வைப்பதில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலைப் பாருங்கள். நோய் திரும்பும் அபாயம் குறைவாக இருந்து, சிகிச்சையும் முழுப்பலன் தந்திருந்தால் டி.எஸ்.எச். 0.5 முதல் 2 வரை இருந்தால் போதும் என்கிறது. தொடக்கத்திலேயே அபாயம் அதிகம் என்று வகைப்படுத்தியவர்களுக்கு, பலன் நன்றாக இருந்தாலும் சில ஆண்டுகள் 0.1 முதல் 0.5 வரை. 0.1-க்கும் கீழே தொடர்ந்து வைப்பது பெரும்பாலும் நோய் இன்னும் மிச்சம் இருப்பவர்களுக்கு. நீங்கள் எந்த வகை என்பது உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டருக்குத்தான் தெரியும். அதனால் நீங்களாக மாற்ற வேண்டாம். ஆனால் அடுத்த முறை உட்கார்ந்ததும், ‘என் அபாய வகை என்ன? இப்போது என் டி.எஸ்.எச். எவ்வளவு இருக்க வேண்டும்? 0.04 எனக்குத் தேவைதானா?’ என்று கேளுங்கள். படபடப்பும் தூக்கமின்மையும் இருப்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘டாக்டர் பிஸியாக இருந்தார், கேட்க முடியவில்லை’ என்று பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்துவிடுங்கள். தேவையில்லாமல் நெடுநாள் இப்படி வைத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும் என்பதால் டாக்டர்களே கவனிக்கிற விஷயம்தான் இது.

மாத்திரையை ஓரிரு நாள் விடுவது மட்டும் வேண்டாம். அந்த மருந்தின் அளவு உடம்பில் பாதியாகவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். செவ்வாய்க்கிழமை விட்டால் புதன்கிழமை படபடப்பு குறையாது. குறைந்ததுபோல் தெரிந்தால் அது வேறு காரணமாக இருக்கும். ஆனால் இப்படி அடிக்கடி விட்டால் ரத்த அளவு ஏறி இறங்கி, டாக்டர் பார்க்கிற எண்ணே உங்களைப் பற்றித் தவறாகச் சொல்லும். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. நிம்மதியும் அந்தக் கணக்கில்தான் வரும், அதனால் மூன்றாம் நாளே ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று கலங்க வேண்டாம்.

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். ஃபில்டர் காபி அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இதைக் கட்டாயம் கேட்பேன், ஏனென்றால் தைராய்டு எடுத்த பெண்களில் பலர் சாப்பிடுகிறார்கள், அதை மருந்தென்று நினைக்காததால் டாக்டரிடம் சொல்வதில்லை. சில பரிசோதனைக் கருவிகளில் பயோட்டின் டி.எஸ்.எச்.-ஐ உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு செல்கள் மிச்சம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் தைரோகுளோபுலின் எண்ணையும் குழப்பும். பரிசோதனைக்கு இரண்டு, மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். அப்புறம், வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போவது, கெண்டைக்கால் இழுப்பது இருந்தால் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையில் பாதிக்கப்பட்டால் கால்சியம் குறையும், அதுவும் பதற்றமாகத் தெரியும். பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின் மூன்றையும் கையோடு பார்த்துவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டினாலோ, துடிப்பு விட்டுவிட்டு அடித்தாலோ, மயக்கம் வந்தாலோ அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகும் மிச்சம் இருப்பதைப் பற்றி இனிப் பேசலாம். மிச்சம் இருக்கும். டி.எஸ்.எச். 1-க்கு வந்த மறுநாள் பயம் எல்லாம் போய்விடும் என்று நான் சொன்னால் அது பொய்.

‘நல்ல கேன்சர்’ என்று சொல்பவர்கள் எதைக் கருதிச் சொல்கிறார்கள் என்று தெரியும். கழுத்துக்கு வெளியே பரவாத பாப்பிலரி வகையில் ஐந்தாண்டு தாண்டி வாழ்பவர்கள் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் என்று அமெரிக்கப் பதிவேடுகள் காட்டுகின்றன. மருத்துவம் உங்களுக்குத் தரக்கூடிய நல்ல செய்திகளில் இது பெரியது, அதை நானும் திருப்பிச் சொல்கிறேன். ஆனால் உயிர் பிழைப்பதைப் பற்றிய கணக்கு அது. எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோயர்களிடம் வாழ்க்கைத் தரம் பற்றி விசாரித்து, 2015-இல் முடிவை வெளியிட்டது. இதைவிட உயிராபத்து அதிகமான மற்றப் புற்றுநோய்கள் வந்தவர்கள் சொன்ன அளவிலேயே இவர்களும் சிரமத்தைச் சொல்லியிருந்தார்கள். நோய் சாந்தமானது என்பதால் மனம் படும் பாடு சாந்தமாகிவிடவில்லை. என் எண்ணத்தில் ‘நல்ல கேன்சர்’ என்ற பேச்சு இதைக் கூட்டவே செய்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண் அழுதால் நான்கு பேர் சுற்றி உட்காருவார்கள். உங்களுக்கோ அழுவதற்கே உரிமை இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. முடி கொட்டவில்லை, கீமோ இல்லை, பள்ளிக்கும் போகிறீர்கள். பார்ப்பவர்களுக்கு நோயாளியாகவே தெரியவில்லை. டாக்டர்களான நாங்களும் நல்லெண்ணத்தில்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறோம். சொல்லாமல் இருந்தால் நல்லது.

கணவர் இதைப் படிப்பார் என்று நம்பி அவருக்கும் நாலு வரி. தம்பி, நீங்கள் ‘ஒன்றுமில்லை’ என்பது உங்களுக்கே நீங்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதலாகவும் இருக்கலாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றவர் நீங்கள்தானே, உங்கள் பயத்தையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ‘ஏன் அழறே’ என்று கேட்டால் அவர் காரணம் தேட வேண்டியிருக்கிறது. கிடைக்கிற காரணம் உங்களுக்குப் போதாமல் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக ‘நான் பக்கத்துல இருக்கட்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்தால், புத்திமதி வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் போதும். அடுத்த டாக்டர் விசிட்டுக்குக் கட்டாயம் கூடப் போங்கள்.

சகோதரி, கழுத்தைத் தடவிப் பார்ப்பது பற்றி. சொறி பிடித்த இடத்தைச் சொறிவது போலத்தான் அது, அந்த நொடியில் சுகம், பிறகு அரிப்பு கூடும். தடவினால் ஏதாவது தட்டுப்படத்தான் செய்யும். தழும்பின் இறுக்கம், தசை, சளி பிடித்தால் வீங்கும் சாதாரண நெறி என்று எல்லோர் கழுத்திலும் ஏதோ ஒன்று இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் விஷயத்தை விரல் கண்டுபிடிக்காது, அல்ட்ராசவுண்ட் கண்டுபிடிக்கும். அதனால் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மாதத்தில் ஒரு தேதி, குளித்த பிறகு ஒரே ஒரு முறை. ஒரே இடத்தில் ஒரு கட்டி இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் நின்றாலோ வளர்ந்தாலோ, குரல் திடீரென்று கரகரத்து மாறினாலோ, விழுங்கச் சிரமம் வந்தாலோ டாக்டருக்கு போன். மற்ற நாட்களில் கை கழுத்துக்குப் போவது தெரிந்ததும் வேறு வேலைக்குக் கையைக் கொடுங்கள், சாக்பீஸ் ஆனாலும் சரி. முதல் வாரம் பதற்றம் கூடும். பொறுத்துக்கொண்டால் இறங்கும். ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் நாளுக்கு மூன்று, பிறகு ஒன்று என்று குறைத்துக்கொண்டு வாருங்கள்.

பரிசோதனை நெருங்கும்போது இன்னும் மோசமாகும் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். லேப்காரர்கள் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற காலம் இது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்த பி.டி.எஃப்.-ஐத் திறந்து, 0.1 என்பது 0.14 ஆகியிருப்பதைப் பார்த்து, யூடியூபில் தேட ஆரம்பித்தால் விடிந்துவிடும். தைரோகுளோபுலின் எண் லேப் மாறினால் மாறும், ஒரே லேபிலும் கொஞ்சம் அசையும். அதோடு எடுக்கிற எதிர்ப்பொருள் பரிசோதனையையும், டி.எஸ்.எச். எவ்வளவு இருந்தது என்பதையும் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். ஒரே எண்ணைவிட, வருடக்கணக்கில் அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் டாக்டருக்கு முக்கியம். எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள். ரிப்போர்ட் கணவரின் போனுக்கு வரட்டும். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய நாளில் கொடுத்து மறுநாளே பார்க்க முடிந்தால் நடுவில் தவிக்கிற ராத்திரி ஒன்றோடு முடியும்.

மூன்று மணி விழிப்புக்கு, மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, பயங்களை நோட்டில் எழுதிவிடச் சொல்வது எங்கள் வழக்கம். ராத்திரி அது திரும்ப வந்தால் ‘நாளை மாலை ஆறு மணிக்கு’ என்று தள்ளிவைக்கப் பழகலாம். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் பலன் தருகிறது. படுக்கையில் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். ஹார்மோன் கூடுதலாக இருக்கும்வரை இதற்கெல்லாம் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘இதிலும் தோற்றுவிட்டேன்’ என்று உங்கள்மேலேயே பழி போட்டுக்கொள்வீர்கள்.

மகள் விஷயம்தான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று கடிதத்தின் கையெழுத்தே சொல்கிறது, அந்த இடத்தில் இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒரு கணக்கு. உங்களுக்குக் கொடுத்த அயோடின் 131-இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், எட்டு நாள். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதற்கும் முன்பே பெரும்பகுதி முதல் சில நாட்களில் சிறுநீரில் போய்விடுகிறது. இன்று உங்கள் உடம்பிலிருந்து அவளுக்கு எதுவும் வராது. கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். இன்னமும் அவளைத் தொடும்போது உங்களுக்குள் ஒரு தயக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் பாட்டியோடு படுப்பது உங்களை வெறுத்ததால் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் அம்மா காணாமல் போனாள், பாட்டி இருந்தாள். காணாமல் போகாதவரோடு இருப்பது ஐந்து வயதின் நியாயம். தான் ஏதோ குறும்பு செய்ததால்தான் அம்மா தள்ளிவைத்தாள் என்றும் நினைத்திருக்கலாம், அந்த வயதில் அப்படித்தான் நினைப்பார்கள். ‘அம்மா கழுத்துல ஒரு கட்டி இருந்துச்சு, டாக்டர் எடுத்துட்டாங்க. அப்புறம் குடுத்த மருந்து பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆகாது, அதான் உன்னைப் பாட்டிகிட்ட விட்டேன். நீ எதுவும் தப்பு பண்ணல. இப்ப மருந்து போயிடுச்சு’ என்று ஒரு நாள் மடியில் வைத்துச் சொல்லுங்கள். தழும்பைத் தொட்டுப் பார்க்கக் கேட்டால் விடுங்கள். பாட்டியிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டாம். தினமும் ஒரு அரை மணி, அவள் சொல்கிற விளையாட்டு, போன் இல்லாமல். படுக்கை தானாக மாறும், எப்போது என்று மட்டும் கெடு வைக்காதீர்கள்.

வீட்டின் வாய்ப்பூட்டு பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. நாத்தனார் உங்கள் ரத்த சொந்தம்கூட இல்லை, பிறகு அவருக்கு என்ன வந்துவிடும்? பாப்பிலரி வகை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. மெடுல்லரி என்று வேறொரு வகை இருக்கிறது, அதில் நால்வரில் ஒருவருக்கு மரபணு காரணம். அது உங்களுடையது இல்லை. ஆனாலும் நம் ஊரில் வரன் பேச்சு எப்படி நடக்கும் என்று எனக்கும் தெரியும், மாமியாரோடு சண்டை போடச் சொல்ல மாட்டேன். ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், அக்காவோ, பக்கத்து வகுப்பு டீச்சரோ, வாய் காப்பவராக ஒருவர். ரகசியத்தைச் சுமப்பதும் ஒரு வேலை. அதில் போகிற சக்தி உங்களுக்கு வேறு இடத்தில் தேவைப்படுகிறது. தலைமை ஆசிரியரிடம் சொன்னால் தொண்டைக்கு ஓய்வாக நடுவில் ஒரு பீரியட் கேட்கலாம். தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் சீக்கிரம் களைப்பது டீச்சர்களுக்குப் பெரிய தொல்லை. அப்படி இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி, பேச்சுப் பயிற்சியும் கேளுங்கள்.

மனநல டாக்டரைப் பார்க்க வேண்டுமா? பாருங்கள். தூக்கம், பதற்றம், ‘எதற்கு இருக்கிறேன்’ மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவில் காட்டலாம். சென்னை பக்கம் வர முடிந்தால் அடையாறு புற்றுநோய் மையத்தில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. போனதும் மாத்திரைதான் என்று நினைக்காதீர்கள். பயத்தை எப்படிக் கையாள்வது என்று வாரம் ஒரு முறை பேசிப் பழகும் சிகிச்சையே பலருக்குப் போதும்.

மாத்திரை தேவைப்பட்டால், அடிமையாகும் பயம் எதற்குப் பொருந்தும் என்று பிரித்துப் பாருங்கள். அல்பிரசோலம் மாதிரியான தூக்க, பதற்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டால் பழகிவிடும் என்பது உண்மை. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே கூடாது. எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அந்த ரகம் இல்லை. டோஸைக் கூட்டிக் கூட்டிக் கேட்கும் ஏக்கம் வராது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல் போன்ற தொல்லை வரும் என்பதால் படிப்படியாகக் குறைப்போம். தைராய்டு எடுத்தது, எத்தனை மைக்ரோகிராம் சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். செர்ட்ரலின் சிலருக்குத் தைராய்டு மாத்திரையின் தேவையைக் கொஞ்சம் கூட்டும், அதனால் டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். படபடப்பு தாங்க முடியாமல் இருந்தால் சில வாரத்துக்கு ப்ரொப்ரனலால் கொடுப்பதுண்டு. ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது, சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, இரண்டாவது குழந்தை. அயோடின் மருந்துக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கருத்தரிக்க வேண்டாம் என்போம். அடுத்த ஆண்டு என்றால் அந்தக் காலம் தாண்டியிருக்கும். அதற்கு முன் டோஸ் நிலைப்பட்டிருக்க வேண்டும், அதனால் திட்டத்தை இப்போதே தைராய்டு டாக்டரிடமும் மனநல டாக்டரிடமும் சொல்லுங்கள், மருந்து எழுதும்போதே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரை பாதுகாப்பானது மட்டுமில்லை, கட்டாயம் வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது. நாள் தள்ளிப்போய் உறுதியானதும், முதல் செக்கப்புக்குக் காத்திருக்காமல் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் மாத்திரைத் தேவை கூடும், பலருக்கு நூற்றுக்கு 25, 30 பங்கு வரை. உங்கள் டோஸ் ஏற்கெனவே அதிகமாக இருப்பதால் எவ்வளவு கூட்டுவது, கூட்டவே வேண்டுமா என்பதை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்வார்.